அத்திலாந்திக்கின் நடுவே ஓர் இடைவெளி: 120ஆம் இலக்க விமான அணியின் வரலாறு

போர் வரலாறு எழுதுவோர் மூழ்கிய கப்பல்களையும் எரிந்த நகரங்களையும் எண்ணுவர். மூழ்காமற் கரைசேர்ந்த கப்பல்களை எண்ணுதல் அரிது. கப்பல் கரைசேர்தல் ஒரு நிகழ்ச்சியாகக் கொள்ளப்படுவதில்லை. நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு எதிராகப் பறந்த விமான அணிகளின் வரலாறு இக்காரணத்தினாலேயே நெடுங்காலம் தவறான அளவுகோலொன்றினால் அளக்கப்பட்டு வந்தது. எத்தனை நீர்மூழ்கிகளை அழித்தனர் என்பதே கேள்வியாயிருந்தது. அக்கேள்விக்கு விடையளிப்பதிலும் பிரித்தானியாவின் றோயல் விமானப்படையைச் சேர்ந்த 120ஆம் இலக்க விமான அணி கரையோரக் கட்டளைப்பிரிவின் ஏனைய அணிகளெல்லாவற்றையும் விஞ்சி நிற்கின்றது என்பது உண்மையே. ஆயினும் அவ்வணியின் வரலாற்றை நுணுகி நோக்குவோர்க்கு வேறொரு கேள்வியே முதன்மை பெறும். அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுப்பகுதியைக் காக்கவல்ல விமானம் 1941 இலேயே கைக்கெட்டிவிட்டது. அப்பகுதி 1943 வசந்த காலம்வரை காவலின்றிக் கிடந்தது ஏன்?

இரண்டாம் உலக மகாயுத்தம் தொடங்குமுன் பிரித்தானியா ஆண்டொன்றுக்கு ஐந்து கோடி தொன்னுக்கும் மேற்பட்ட பண்டங்களைக் கடல்வழியே இறக்குமதி செய்துவந்தது. உணவில் அரைப்பங்கிற்கு மேலும், எண்ணெய் ஏறத்தாழ முழுவதும் கப்பலிலேயே வந்தன. 1942 இல் இறக்குமதி முன்னைய அளவின் அரைப்பங்கிற்கும் கீழே வீழ்ந்தது. தீவொன்றை வெல்வதற்கு அதன் மண்ணில் காலடி வைக்கவேண்டியதில்லை, அதன் கடல்வழிகளை அறுத்தாலே போதும் என்பது ஜேர்மானிய நீர்மூழ்கிப் படைத் தளபதி டொனிற்ஸின் கணக்கு. 1939 இல் அவரிடம் 57 நீர்மூழ்கிகளே இருந்தன. 1940 யூன் மாதத்திற் பிரான்சு வீழ்ந்தபோது பிஸ்கே விரிகுடாத் துறைமுகங்கள் அவர் கைக்கு வந்தன. அதன்பின் நீர்மூழ்கிகள் வடகடலைச் சுற்றி வரவேண்டிய தேவை நீங்கியது. லொறியன், சென்ற் நசேர், பிறெஸ்ற் ஆகிய துறைகளிலிருந்து நேரே அத்திலாந்திக்கினுட் புகுந்தன. 1943 தொடக்கத்திற் போருக்கு ஆயத்தமாயிருந்த நீர்மூழ்கிகள் மட்டும் இருநூறுக்கு மேல்.

அக்காலத்து நீர்மூழ்கி எத்தகைய கலம் என்பதை இவ்விடத்து விளக்குதல் அவசியமாகும். பெயரால் அது நீர்மூழ்கி. இயல்பால் அது வேண்டியபோது மூழ்கக்கூடிய ஒரு மேற்பரப்புக் கலமே. நீரின் மேல் டீசல் இயந்திரத்தின் உதவியால் மணிக்கு 17 கடல் மைல் வேகத்தில் ஓடும். நீரின் கீழ் மின்கலங்களே அதனை இயக்கின. சில மணித்தியாலங்களுக்குமேல் நீடித்து ஓடவேண்டுமாயின் அங்கு அதன் வேகம் மணிக்கு மூன்று, நான்கு கடல் மைல் மட்டுமே. வணிகக் கப்பற்றொடர்களில் மிக மெதுவானதும் ஏழு கடல் மைல் வேகத்தில் நகர்ந்தது. ஆகவே மூழ்கிய நீர்மூழ்கி கப்பற்றொடரைப் பின்தொடர இயலாது. டொனிற்ஸ் வகுத்த ஓநாய்க் கூட்ட முறையோ முழுக்க முழுக்க மேற்பரப்பு ஓட்டத்திலேயே தங்கியிருந்தது. ஒரு நீர்மூழ்கி கப்பற்றொடரைக் கண்டுகொள்ளும். அதனைத் தொட்டும் தொடாமலும் தொடர்ந்தபடி வானொலி மூலம் ஏனையவற்றை அழைக்கும். அழைக்கப்பட்டவை பகல் முழுவதும் நீரின் மேல் விரைந்து ஓடி முன்னே சென்று கூடும். இரவில் ஒருங்கே பாயும். இம்முறையின் உயிர்நாடி பகலில் நிகழும் அவ்வோட்டமே. தலைக்குமேல் ஒரு விமானம் வட்டமிட்டால் அவ்வோட்டம் நின்றுவிடும். விமானம் குண்டு எறியவேண்டியதுமில்லை, நீர்மூழ்கியைக் காணவேண்டியதுமில்லை. விமானத்தை நீர்மூழ்கி கண்டாலே போதும். மூழ்கிவிடும், மூழ்கியதும் பின்தங்கிவிடும்.

இதனை இரு தரப்பினரும் நன்கறிந்திருந்தனர். ஆகவே நீர்மூழ்கிகள் விமானம் எட்டாத கடலைத் தேடிச் சென்றன. பிரித்தானியா, ஐஸ்லாந்து, நியூபவுண்ட்லாந்து ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் விமானங்கள் புறப்பட்டன. இருஇயந்திர ஹட்சன் சிறிது தூரமே சென்றது. சண்டர்லாந்து என்னும் பறக்கும் படகு சுமார் 600 மைல்வரை சென்று காவல் புரிந்தது. இம்மூன்று தளங்களிலிருந்தும் வரைந்த வட்டங்கள் ஒன்றையொன்று தொடவில்லை. கிறீன்லாந்துக்குத் தெற்கே பல நூறு மைல் அகலமான ஒரு வெளி எஞ்சியது. மெதுவான கப்பற்றொடரொன்று அதனைக் கடக்கப் பல நாட்கள் எடுத்தன. அவ்வெளியே அத்திலாந்திக் இடைவெளி எனப் பெயர்பெற்றது.

அதனை எட்டக்கூடிய விமானம் போர்த்திட்டத்தின் விளைவாகவன்றி, ஒருவகையில் தற்செயலாகவே பிரித்தானியரின் கைக்கு வந்தது. ஐக்கிய அமெரிக்காவின் கொன்சொலிடேற்றட் நிறுவனம் சன் டியாகோவில் ஆக்கிய நான்கு இயந்திரக் குண்டுவீச்சு விமானம் 1939 டிசெம்பர் 29 இல் முதன்முதலாகப் பறந்தது. ஒடுங்கி நீண்ட அதன் இறக்கை குறைந்த எரிபொருளில் நெடுந்தூரம் செல்ல உதவியது. பிரான்சு தனக்கென இவ்விமானங்களைக் கோரியிருந்தது. பிரான்சு வீழ்ந்ததும் அக்கோரிக்கையைப் பிரித்தானியா ஏற்றுக்கொண்டது. லிபரேற்றர் என்னும் பெயரும் பிரித்தானியர் இட்டதே. முதல் வகையைச் சேர்ந்த இருபது விமானங்கள் 1941 இல் வந்தன. அவ்விருபதும் கடற்காவலுக்கென ஒதுக்கப்படவில்லை. சில, அத்திலாந்திக்கின் குறுக்கே விமானிகளையும் முக்கியஸ்தர்களையும் ஏற்றி இறக்கும் போக்குவரத்துப் பணிக்குச் சென்றன. எஞ்சியவற்றைக் கொண்டே 120ஆம் இலக்க அணி உருவாயிற்று.

முதலாம் உலக யுத்தத்தின் இறுதியாண்டான 1918 இல் தோன்றி அடுத்த ஆண்டே கலைக்கப்பட்ட இவ்வணி, 1941 யூன் 2 இல் வட அயர்லாந்தின் நட்ஸ் கோணர் என்னுமிடத்தில் மீண்டும் அமைக்கப்பட்டது. தாங்குந்திறன் எனப் பொருள்படும் ஒற்றைச் சொல்லே அதன் குறிக்கோள் வாசகம். பெருமொழிகளை விரும்பும் படைத்துறை மரபில் இத்துணைச் சிக்கனமும் பொருத்தமும் வாய்ந்த வாசகம் அரிது. வயிற்றுப்புறத்தில் நான்கு 20 மில்லிமீற்றர் பீரங்கிகளும் மேற்பரப்பைத் தேடும் றாடர்க் கருவியும் பூட்டப்பட்ட லிபரேற்றர், தளத்திலிருந்து ஆயிரம் மைலுக்கும் அப்பாற் சென்று அங்கே சில மணித்தியாலங்கள் வட்டமிட்டு மீளக்கூடியதாயிருந்தது. சென்று மீளும் பயணமொன்று பதினாறு மணித்தியாலங்கள்வரை நீண்டது. பயணத்தின் பெரும்பகுதி முகிலும் மழையும் சாம்பல்நிறக் கடலுமேயாம். பெரும்பாலான விமானிகள் தமது சேவைக்காலம் முழுவதிலும் ஒரு நீர்மூழ்கியைக்கூடக் காணவில்லை. காணாமையே பணியின் வெற்றி என அவர்களுக்கு அப்போது எவர் எடுத்துரைத்திருப்பர்?

1942 இல் அணியின் தலைமையிடம் பலிகெலிக்கு மாறியது. அவ்வாண்டு செப்ரெம்பர் முதல் அதன் ஒரு பகுதி ஐஸ்லாந்தின் றெய்க்யாவிக்கிலிருந்து பறந்தது. முதல் வகை லிபரேற்றரின் உற்பத்தி நின்றுவிட்டமையால், விபத்திலோ போரிலோ இழந்த விமானத்திற்கு ஈடாக மற்றொன்று கிடைக்கவில்லை. பிந்திய வகைகளை இப்பணிக்கேற்ப மாற்றவேண்டியிருந்தது. கவசத் தகடுகளையும் சில துப்பாக்கிகளையும் அகற்றி, அவற்றின் பாரத்திற்கு ஈடாக எரிபொருள் நிரப்பினர். எதிரி விமானங்கள் எட்டாத நடுக்கடலிற் கவசத்தினும் எண்ணெயே பெறுமதியுடையது. இவ்வாறு மாற்றப்பட்ட விமானங்கள் அதி நெடுந்தூர விமானங்கள் எனப்பட்டன. 1942 இன் இலையுதிர் காலத்தில் வட அத்திலாந்திக் முழுவதற்கும் அத்தகைய விமானங்களைக் கொண்ட அணி இது ஒன்றே.

விமானம் நீர்மூழ்கியைக் கண்டாலும் அதனை அழித்தல் தொடக்கத்தில் மிக அரிதாயிருந்தது. இக்குறையை நீக்கியவர்கள் விமானிகளல்லர், பல்கலைக்கழகங்களிலிருந்து வந்த விஞ்ஞானிகள். பௌதிகவியலாளர் பற்றிக் பிளாக்கெற் 1941 மார்ச் மாதத்திற் கரையோரக் கட்டளைப்பிரிவிற் சேர்ந்தார். 1948 இல் நோபெல் பரிசு பெற்றவரும், சுதந்திர இந்தியாவின் பாதுகாப்பு விஞ்ஞானத் துறைக்கு நேருவின் அழைப்பின் பேரில் ஆலோசகராயிருந்தவரும் இவரே. அவருடன் பணியாற்றிய வெல்ஸ் நாட்டுப் பௌதிகவியலாளர் இ. ஜே. வில்லியம்ஸ் தாக்குதல் அறிக்கைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். விமானங்கள் எறிந்த ஆழ்நீர்க் குண்டுகள் 100 அடி ஆழத்தில் வெடிக்குமாறு அமைக்கப்பட்டிருந்தன. விமானத்தைக் கண்ட நீர்மூழ்கி தாக்குதல் நிகழுமுன் அவ்வாழத்தை அடைந்துவிடும் என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயம். அந்நியாயத்திற் குறை காண்பது எளிதன்று; ஆயினும் அறிக்கைகள் அதற்கு மாறான உண்மையைக் காட்டின. விமானத்தை முன்கூட்டியே கண்டுகொண்ட நீர்மூழ்கி எங்கே மூழ்கியது என்பதே தெரியாமையால் அதனைக் குண்டு தீண்டுவதில்லை. தாக்கக்கூடிய நீர்மூழ்கியோ இன்னும் நீரின் மேலே இருக்கின்றது, அல்லது அப்போதுதான் மூழ்கத் தொடங்கியுள்ளது. அதற்குக் கீழே நூறு அடி ஆழத்தில் வெடிக்கும் குண்டு அதனை அசைக்குமேயன்றி உடைக்காது. ஆழம் முதலில் 50 அடியாகவும், வெடிபொறி திருத்தப்பட்டபின் 1942 இல் 25 அடியாகவும் குறைக்கப்பட்டது. விளைவு உடனே தெரிந்தது. பிரித்தானியர் புதியதொரு வெடிமருந்தைக் கண்டுபிடித்துவிட்டனர் எனச் சிறைப்பட்ட ஜேர்மானிய மாலுமிகள் நம்பினராம்.

விமானத்தின் நிறமும் ஆராயப்பட்டது. இரவுக் குண்டுவீச்சுக்கென ஆக்கப்பட்ட விமானங்கள் அடிப்பக்கம் கறுப்பாகவே கடற்காவலுக்கும் வந்தன. முகில் மூடிய வட அத்திலாந்திக் வானத்திற் கறுப்பு விமானம் நெடுந்தூரத்திலேயே கண்ணுக்குப் புலப்படும். கடற்பறவைகளுக்கு இயற்கை வெண்ணிறத்தை அளித்தமை காரணமின்றியன்று. விமானங்களின் அடிப்புறத்திலும் பக்கங்களிலும் வெள்ளை பூசப்பட்டபோது அவை கண்ணிற்படும் தூரம் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைந்தது. ஒரு வாளிச் சாயத்தினால் பெறப்பட்ட இப்பயன் புதிய இயந்திரமொன்றினாற் பெறும் பயனுக்குக் குறைந்ததன்று.

1942 ஒக்ரோபர் 12 இல் அணியின் முதலாவது உறுதியான வெற்றி கிட்டியது. ஓ.என்.எஸ். 136 என்னும் கப்பற்றொடரின் அருகே யூ-597 என்னும் நீர்மூழ்கியை விமானி ரெறன்ஸ் புல்லொக் மூழ்கடித்தார். அதிலிருந்த 49 பேரும் மாண்டனர். வட அயர்லாந்தின் லிஸ்பேண் நகரிற் பிறந்த புல்லொக், அமெரிக்காவிலிருந்து விமானங்களைச் சமுத்திரத்தின் குறுக்கே ஓட்டிவந்து அனுபவம் பெற்றவர். கரையோரக் கட்டளைப்பிரிவின் விமானிகளுள் நீர்மூழ்கி வேட்டையில் முதலிடம் பெற்றவர்.

அவ்வாண்டு டிசெம்பர் 8 இல் நிகழ்ந்தவை அணியின் பணியை முழுமையாக விளக்கவல்லன. எச்.எக்ஸ். 217 என்னும் கப்பற்றொடரை இருபதுக்கு மேற்பட்ட நீர்மூழ்கிகள் சூழ்ந்துகொண்டிருந்தன. றெய்க்யாவிக்கிலிருந்து இருளிற் புறப்பட்ட புல்லொக்கின் விமானம் விடியும்வேளையிற் கப்பற்றொடரை அடைந்தது. அன்று அவ்வொரு பயணத்தில் எட்டு நீர்மூழ்கிகளைக் கண்டு ஏழினைத் தாக்கினார். ஆழ்நீர்க் குண்டுகள் முதற் தாக்குதல்களிலேயே தீர்ந்துவிட்டன. அதன்பின் தன்னியக்கக் கருவியிடம் விமானத்தை ஒப்படைத்துவிட்டு, மடிமீது வைத்த தட்டில் இறைச்சியும் உருளைக்கிழங்குமாக மதிய உணவு உண்ணத் தொடங்கியவேளை மற்றொரு நீர்மூழ்கி கண்ணிற்பட்டது. தட்டு ஒருபுறம் பறக்க, விமானம் கீழே பாய்ந்தது. எறிவதற்குக் குண்டில்லை, பீரங்கியாற் சுட்டார். நீர்மூழ்கி மூழ்கிற்று. அதற்கு அடுத்ததும் அவ்வாறே மூழ்கிற்று. அவ்விமானத்திடம் குண்டு எஞ்சியிருக்கவில்லை என்பதை நீர்மூழ்கியிலிருந்தோர் அறியார். புல்லொக் திரும்பியபின் அவரது இடத்திற்கு வந்த இஸ்ரெட் என்னும் விமானி ஐந்தினைக் கண்டு நான்கினைத் தாக்கினார். இரு விமானங்கள் ஒரே பகலில் பதின்மூன்று முறை நீர்மூழ்கிகளைக் கண்டு பதினொரு முறை கீழே தள்ளிவிட்டன. இருபதுக்கு மேற்பட்ட நீர்மூழ்கிகள் பல நாட்கள் முயன்றும் அக்கப்பற்றொடரில் இரண்டு கப்பல்களே இழக்கப்பட்டன. வெறுங்கையுடன் ஒரு விமானம் செய்த காவல் இது. அழித்த தொகையை மட்டும் எண்ணும் கணக்கேட்டில் அத்தாக்குதல்களிற் பலவற்றுக்கு இடமேயில்லை.

கணக்கேட்டைப் பற்றியே இனி நோக்கவேண்டியுள்ளது. 1942 இல் நேசநாடுகள் இழந்த வணிகக் கப்பல்கள் 1,664. அவற்றின் கொள்ளளவு 77 இலட்சம் தொன்னுக்கு மேல். இவற்றுள் 1,160 கப்பல்களை நீர்மூழ்கிகளே மூழ்கடித்தன. நவம்பர் மாதத்தில் மட்டும் நீர்மூழ்கிகளால் 119 கப்பல்கள் அழிந்தன. இதே ஆண்டின் மே 30 இரவு ஜேர்மனியின் கொலோன் நகர்மீது ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ஏவப்பட்டன. அவ்வியந்திரங்களெல்லாம் நடுக்கடலை எட்டவல்லனவல்ல என்பது உண்மை. ஆயினும் போரின் தலைமை தனது கண்ணை எங்கே பதித்திருந்தது என்பதற்கு அவ்விரவு சான்றாகும். குண்டுவீச்சுக் கட்டளைப்பிரிவின் தளபதி ஹரிஸ், கடலிற் பறக்கும் ஒவ்வொரு விமானமும் ஜேர்மனிக்கு எதிரான உண்மையான போரிலிருந்து திருடப்பட்டது எனக் கருதியவர். கடற்காவல் விமானங்கள் நூற்றுக்கணக்கான மணித்தியாலங்கள் பறந்து ஒரு நீர்மூழ்கியைக் காண்பதே அரிது என்பது அவர் தரப்பினரின் வாதம். பறந்த மணித்தியாலங்களையும் அழித்த கலங்களையும் பக்கத்திற் பக்கமாக வைத்தால் அவ்வாதம் வலிமை வாய்ந்ததாகவே தோன்றும். அளவுகோலே பிழையென்பதை அவர்கள் உணரவில்லை, அல்லது உணர விரும்பவில்லை.

பிளாக்கெற் வேறொரு கணக்கை முன்வைத்தார். ஐஸ்லாந்திலிருந்து பறக்கும் ஒரு நெடுந்தூர லிபரேற்றர், தன் ஆயுளான முப்பது பயணங்களில் ஆறு வணிகக் கப்பல்களையேனும் காப்பாற்றும். அதே விமானம் பேர்லின்மீது ஏவப்பட்டால் தன் ஆயுள் முழுவதிலும் நூறு தொன்னுக்குக் குறைந்த குண்டுகளையே வீசும். ஆண், பெண், குழந்தை உட்பட ஓரிரு பன்னிரண்டு பேரைக் கொன்று சில வீடுகளை இடிக்கும். இக்கணக்கை எவரும் பிழையென நிறுவவில்லை. எனினும் சேர்ச்சிலின் விஞ்ஞான ஆலோசகர் சேர்வெல் பிரபு, தொழிலாளர் குடியிருப்புகளைத் தகர்த்தால் ஜேர்மனியின் மனவுறுதி குலையும் என 1942 மார்ச் மாதத்திற் கூறிய கருத்தே ஏற்றுக்கொள்ளப்பட்டது. பிளாக்கெற்றும் ரிசாட்டும் அதன் எண்களை மறுத்தனர், மறுப்பு பயனளிக்கவில்லை.

1943 ஜனவரி முதல் வேறொரு வகையில் நீர்மூழ்கிப் போருக்கு உதவி செய்யுமாறு குண்டுவீச்சுப் பிரிவு பணிக்கப்பட்டது. லொறியன், சென்ற் நசேர் நகரங்கள் வாரக்கணக்கில் தாக்கப்பட்டன. பல மீற்றர் தடிப்பான கொங்கிறீற் கூரையின் கீழ் நீர்மூழ்கிகள் பத்திரமாயிருந்தன; பிரெஞ்சு மக்களின் இரு நகரங்கள் தரைமட்டமாயின. அக்கூரைகள் கட்டப்பட்டுக்கொண்டிருந்த 1941 இல் அவற்றைத் தாக்கியிருந்தாற் பயனுண்டாயிருக்கும். இந்த இரு மாதங்களில் அழிவுக்குச் செலவிட்ட முயற்சியுடன், நடுக்கடலுக்கு மறுக்கப்பட்ட விமானங்களின் சிறுதொகையை ஒப்பிட்டு நோக்கும் எவரும், பற்றாக்குறை என்னும் சொல்லை எளிதில் ஏற்கமாட்டார்.

அமெரிக்கர் பக்கமும் குறைவின்றியிருக்கவில்லை. லிபரேற்றர்கள் அமெரிக்காவிலேயே ஆக்கப்பட்டன. ஆயினும் அவற்றுட் பல பசிபிக்கிற்கும், ஐரோப்பாவிற் குண்டுவீசும் அணிகளுக்கும் சென்றன. இடைவெளிக்கு மேற்கே நியூபவுண்ட்லாந்திலிருந்து பறந்த கனேடியர்களுக்கு 1943 வசந்த காலம்வரை ஒரு லிபரேற்றரேனும் கொடுபடவில்லை.

முடிவைத் துரிதப்படுத்தியது ஒரு பேரழிவே. 1943 மார்ச் 16 முதல் 20 வரை எச்.எக்ஸ். 229, எஸ்.சி. 122 என்னும் இரு கப்பற்றொடர்கள் இடைவெளியினுள் ஏறத்தாழ நாற்பது நீர்மூழ்கிகளிடம் அகப்பட்டன. இருபத்திரண்டு கப்பல்கள் மூழ்கின. முந்நூற்றுக்கும் மேற்பட்ட கப்பலோட்டிகள் மாண்டனர். ஜேர்மானியர் இழந்தது ஒரே நீர்மூழ்கி. 120ஆம் அணியின் லிபரேற்றர்கள் எட்டிய தூரத்தின் விளிம்பிற் பறந்து பல நீர்மூழ்கிகளைக் கீழே தள்ளின. ஆயினும் அவை தொகையிற் சிலவே. அவை இல்லாத மணித்தியாலங்களிலேயே கப்பல்கள் வீழ்ந்தன. அம்மாதத்தில் நீர்மூழ்கிகள் உலகெங்கும் மூழ்கடித்த கப்பல்கள் 108. கப்பற்றொடர் முறையே இனிப் பயன்படாதோ என்னும் ஐயம் கடற்படைத் தலைமையகத்தில் எழுந்தது. அதி நெடுந்தூர விமானங்கள் எங்கே இருந்தன என றூஸ்வெல்ற் தமது கடற்படைத் தளபதி கிங்கிடம் வினவியதும் இம்மாதத்திலேயாம்.

அதன்பின் விமானங்கள் வந்தன. ஓராண்டு வாதத்திற் கிடைக்காதவை சில வாரங்களிற் கிடைத்தமை கவனிக்கத்தக்கது. வேறு அணிகளும் அதி நெடுந்தூர லிபரேற்றர்களைப் பெற்றன. கனேடியரின் 10ஆம் இலக்க அணி நியூபவுண்ட்லாந்திலிருந்து பறக்கத் தொடங்கியது. 120ஆம் அணி முழுவதும் ஏப்பிரல் மாதத்தில் றெய்க்யாவிக்கிற்கு மாறியது. அதே வேளையில் துணை விமானந்தாங்கிகளும், புதிய குற்றலை றாடர்களும், ஜேர்மானியரின் வானொலிச் செய்திகளைக் கொண்டு திசையறியும் கருவிகளும், இரகசியக் குறிமொழியை உடைத்துப் பெற்ற தகவல்களும் ஒருங்கே பயன்தந்தன. வெற்றியை விமானத்திற்கு மட்டும் உரித்தாக்குதல் நேர்மையாகாது. ஆயினும் ஏனையவை பெரும்பாலும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படவோ கட்டப்படவோ வேண்டியிருந்தன. விமானமோ கண்முன்னே இருந்தது, ஒதுக்கப்படவேண்டியதே எஞ்சியிருந்தது.

மே மாத நடுப்பகுதியில் எஸ்.சி. 130 கப்பற்றொடர் கிழக்கு நோக்கிப் புறப்பட்டது. காவற் கப்பல்களின் தளபதி பீற்றர் கிறெற்றன் அம்மாத இறுதியிற் திருமணம் செய்ய நாள் குறித்திருந்தார். தாமதமின்றிக் கரைசேர அவருக்குச் சொந்தக் காரணமும் இருந்தது. மே 19 விடியலில் 120ஆம் அணியின் முதல் லிபரேற்றர் கப்பற்றொடரின் மேல் தோன்றியது. ஒன்றன்பின் ஒன்றாக வந்த விமானங்கள் கப்பற்றொடரைச் சூழ்ந்த நீர்மூழ்கிகளை ஒவ்வொன்றாக மூழ்கச் செய்தன. மறுநாள் யூ-258 அணியின் விமானமொன்றினால் அழிக்கப்பட்டது. எஸ்.சி. 130 இல் ஒரு கப்பலேனும் இழக்கப்படவில்லை. இரு மாதங்களுக்கு முன்னர் இருபத்திரண்டு கப்பல்கள் வீழ்ந்த அதே கடல் அது. கிறெற்றனின் திருமணமும் தவறவில்லை. மே 24 இல் டொனிற்ஸ் வட அத்திலாந்திக் கப்பல் வழிகளிலிருந்து தமது நீர்மூழ்கிகளை விலக்கிக்கொண்டார். அம்மாதத்தில் அவர் இழந்தவை 41.

எஸ்.சி. 130 ஐச் சூழ நடந்த போரில் மறைந்தவற்றுள் யூ-954 உம் ஒன்று. டொனிற்ஸின் இளைய மகன் பீற்றர் அதில் அதிகாரியாயிருந்து மாண்டார். நெடுங்காலமாக அதனை அழித்தது 120ஆம் அணியின் லிபரேற்றர் என்றே நூல்கள் கூறிவந்தன. இருதரப்புக் குறிப்புகளையும் ஒப்புநோக்கிய பிற்கால ஆய்வாளர், ஜெட், செனன் என்னும் காவற் கப்பல்களே அதனை மூழ்கடித்தன என முடிவுகட்டினர். இது தனியொரு திருத்தமன்று. 1942 நவம்பரிற் புல்லொக் அழித்ததாகப் பதிவான யூ-132, வெடிமருந்துக் கப்பலொன்று வெடித்தபோது அவ்வெடிப்பிலேயே சிதைந்தது என இன்று கொள்ளப்படுகின்றது. டிசெம்பர் 8 இல் அவர் கணக்கிற் சேர்க்கப்பட்ட யூ-254 மற்றொரு ஜேர்மானிய நீர்மூழ்கியுடன் மோதி மூழ்கியது. அதே நாளில் அவர் தாக்கிய யூ-611 இப்போது அவர் கணக்கிற்கு வந்துள்ளது. எண்கள் ஏறியும் இறங்கியும் உள்ளன. ஆனால் எச்.எக்ஸ். 217 இலும் எஸ்.சி. 130 இலும் கரைசேர்ந்த கப்பல்களின் தொகையை எந்த ஆய்வாலும் குறைக்க இயலாது. அணியின் சேவை அத்தொகையிலேயே அடங்கியுள்ளது.

பிந்திய ஆண்டுகளைச் சுருக்கமாகவே கூறலாம். 1943 இலையுதிர் காலத்தில் நீர்மூழ்கிகள் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளுடன் மீண்டபோது, மூழ்காமல் நின்று சுட்டன. மூழ்கச் செய்தாற் போதும் என்ற நிலை மாறியது. ஒக்ரோபர் 16 இல் யூ-470 ஐ 59ஆம் அணியுடன் இணைந்து இவ்வணி அழித்தது. 1944 மார்ச்சில் பலிகெலிக்கு மீண்டது. நீரின் கீழிருந்தே காற்றை உறிஞ்சும் குழாய் பொருத்தப்பட்ட நீர்மூழ்கிகள் வந்தபின் அவற்றைக் காண்பது மிக அரிதாயிற்று. போர் முடிந்து ஒரு மாதம் கழியுமுன், 1945 யூன் 4 இல் அணி கலைக்கப்பட்டது.

ஆயினும் அதன் இலக்கம் அழியவில்லை. அது மீண்டும் உயிர்பெற்ற விதம் இலங்கையோடு தொடர்புடையது. 1942 இல் மத்தியகிழக்கிற் குண்டுவீசுவதற்கு லிபரேற்றர்களைப் பெற்ற அணிகளுள் 160ஆம் இலக்க அணியும் ஒன்று. அவ்வணி 1943 இல் இரத்மலானையில் மீள அமைக்கப்பட்டு, இந்து சமுத்திரத்தில் நீர்மூழ்கிகளைத் தேடியும் சுமாத்திராக் கரைகளைப் படம்பிடித்தும் வந்தது. சிகிரியாவிலிருந்தும், படைப் பதிவேடுகளிற் காங்கேசன்துறை எனக் குறிக்கப்பட்ட பலாலித் தளத்திலிருந்தும், பின்னர் மின்னேரியாவிலிருந்தும் அதன் விமானங்கள் பறந்தன. 1945 மார்ச்சில் மின்னேரியாவிலிருந்து சிங்கப்பூர்வரை சென்று கடற்கண்ணிகளை இட்டு மீண்ட பயணங்கள், போவதும் வருவதுமாக மூவாயிரம் மைலுக்கும் மேற்பட்டவை. 1946 இல் பிரித்தானியாவுக்குத் திரும்பிய அவ்வணிக்கு அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் 120 என்னும் இலக்கம் சூட்டப்பட்டது. லிபரேற்றர்களை விட்டு லங்காஸ்ரர்களையும், 1951 முதல் சக்கிள்ரன்களையும், பின்னர் நிம்றொட்களையும் அது செலுத்தியது. 2010 இல் செலவுக் குறைப்பின் பேரில் நிம்றொட் விமானங்கள் கைவிடப்பட்டதையடுத்து, 2011 இல் அணியும் கலைக்கப்பட்டது. நெடுந்தூரக் கடற்காவல் விமானமொன்றும் பிரித்தானியாவிடம் எஞ்சவில்லை. ஏழு ஆண்டுகளின் பின், 2018 இல், அமெரிக்கரிடமிருந்து வாங்கிய பொசைடன் விமானங்களைச் செலுத்துவதற்காக அதே இலக்கத்துடன் அணி மீண்டும் அமைக்கப்பட்டது. முதல் விமானம் 2020 பெப்ரவரியில் வந்து இறங்கியது.